விண்டோஸ் ஆக்டிவேட்டர் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் கணினி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "ஓஎஸ் போட்டு ஆக்டிவேட் பண்ணிக் குடுத்துருவீங்கல்ல?" என்பதுதான். ஆக்டிவேட்டர், கிராக், லோடர், கேஎம்எஸ் என்று பெயர் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றே: உரிமம் வாங்காமலேயே வாங்கியதாக விண்டோஸை நம்பவைக்கும் மென்பொருள். நான் அதைப் போடுவதில்லை. ஏன் என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொல்ல நேரம் போதவில்லை, அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆக்டிவேட்டர் உள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது?

பெரிய நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் நூற்றுக்கணக்கான கணினிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கீ, அதாவது உரிம எண், அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக விண்டோஸ் விஸ்டா வந்த காலத்திலிருந்தே மைக்ரோசாஃப்ட் கேஎம்எஸ் என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும், மற்ற கணினிகள் 1688 என்ற போர்ட் வழியாக அதனிடம் போய் அனுமதி கேட்கும். குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் அந்த சர்வர் விண்டோஸுக்கு அனுமதி தரத் தொடங்கும். கொடுத்த அனுமதியும் 180 நாளைக்குத்தான் செல்லும், 7 நாளுக்கு ஒருமுறை கணினி தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும்.

கேஎம்எஸ்பிக்கோ, கேஎம்எஸ்ஆட்டோ போன்ற ஆக்டிவேட்டர்கள் செய்வது, இதே சர்வரின் போலி ஒன்றை உங்கள் கணினிக்குள்ளேயே நட்டுவைப்பது. விண்டோஸ் கேட்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் போலி "சரி" என்கிறது. "லைஃப்டைம் ஆக்டிவேஷன்" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் இந்த 180 நாள் அனுமதியை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதைத்தான். அந்தப் புதுப்பித்தலுக்காக ஒரு சர்வீஸோ, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையோ நிரந்தரமாகத் தங்கிவிடும், அதுவும் கணினியிலேயே உச்ச அதிகாரமான சிஸ்டம் அனுமதியோடு.

என் பயம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. விண்டோஸ் ஏமாறுகிறதா இல்லையா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. முகம் தெரியாத யாரோ எழுதிய நிரலுக்கு, அட்மின் அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியில் நீங்களே "யெஸ்" அழுத்துகிறீர்கள். அதற்கு அப்புறம் அந்தக் கணினியில் அது செய்ய முடியாத வேலை என்று எதுவும் இல்லை.

அஞ்சு வருஷமா ஆக்டிவேட்டர்தான். இதுவரை ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாமல் இருந்திருக்கலாம். எல்லா ஆக்டிவேட்டரிலும் வைரஸ் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "ஒன்றும் ஆகவில்லை" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கணினி மெதுவாகவில்லை, திரையில் மண்டை ஓடு வரவில்லை, அவ்வளவுதானே?

இப்போது அதிகம் புழங்குகிற வகைக்கு ஸ்டீலர் என்று பெயர். ரெட்லைன், விடார், ரக்கூன் எல்லாம் இந்த இனம். அது கணினிக்குள் குடியிருக்கவே வருவதில்லை. ஓடும், பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளும், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்களை எடுக்கும், அனுப்பும், பல சமயம் தன்னைத்தானே அழித்துக்கொண்டு போய்விடும். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகாது. ஆக்டிவேஷனும் நடந்திருக்கும், ஆக்டிவேட் செய்யச் சொல்லித் திரை மூலையில் வரும் மங்கலான எழுத்தான வாட்டர்மார்க்கும் போயிருக்கும், நீங்கள் நிம்மதியாக வேலையைத் தொடர்வீர்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் மெயிலில் யாரோ நுழைந்தால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றாது. வருகிறவர்களில் பலர், "ஆக்டிவேட்டரா? அது போன வருஷம் போட்டதாச்சே" என்று சொல்லும்போதுதான் எனக்கே புரிகிறது.

ஆன்டிவைரஸ் சத்தம் போடுவது மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே செய்கிற வேலைதானே? கிராக் என்பதால் பிடிக்கிறது, வைரஸ் என்பதால் இல்லையே?

இதில் பாதி உண்மை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பலமுறை காட்டுவது "ஹேக்டூல்" என்ற வகைப் பெயர். ஆட்டோகேஎம்எஸ் என்றும் கூடவே வரும். அது உரிமத்தை மீறும் கருவி என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே வேறு எதுவும் இருந்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை.

ஆனால் இந்தப் பாதி உண்மைதான் திருடர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆக்டிவேட்டர் என்றால் ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும் என்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. அதனால் "முதலில் டிஃபெண்டரை ஆஃப் செய்யவும்" என்று எழுதியிருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வேறு எந்த மென்பொருளாவது அப்படிக் கேட்டால் செய்வீர்களா? அப்புறம் அந்த ஜிப் ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கும், 1234 என்று பக்கத்திலேயே எழுதியும் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு எதற்கு? பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசரும் ஆன்டிவைரஸும் திறந்து பார்க்க முடியாது, அதற்குத்தான்.

இன்னொன்று. பல ஆக்டிவேட்டர்கள் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரையோ, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமோ சேர்த்துவிடுகின்றன. நீங்கள் பிறகு டிஃபெண்டரை ஆன் செய்தாலும் அந்த இடத்தை அது எட்டிப் பார்க்காது. நாளைக்கு வேறு வழியாக வரும் வைரஸும் அங்கே போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும்.

ஒரிஜினல் கேஎம்எஸ்பிக்கோ எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முடியாது. அதற்கென்று பதிவு செய்த நிறுவனம் கிடையாது, டிஜிட்டல் கையெழுத்து கிடையாது, பொறுப்பேற்க ஆள் கிடையாது. "அஃபீஷியல்" என்று சொல்லிக்கொள்ளும் தளங்கள் மட்டும் ஏராளம். 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைப் பற்றி எழுதியது: கேஎம்எஸ்பிக்கோ என்று இறக்கிய ஃபைலை ஓட்டினால் ஆக்டிவேட்டரும் நிஜமாகவே நிறுவப்படும், கூடவே கிரிப்ட்பாட் என்ற ஸ்டீலரும் பின்னால் ஓடும். வேலை நடந்துவிட்டதால் ஏமாந்தவருக்கு ஏமாந்ததே தெரியாது. இதே கிரிப்ட்பாட்டைப் பரப்பியவர்கள்மேல் கூகுள் 2023 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. முந்தைய ஓராண்டில் மட்டும் சுமார் 6,70,000 கணினிகளில் அது புகுந்திருக்கும் என்பது கூகுளின் கணக்கு. அத்தனையும் ஆக்டிவேட்டர் வழியாக வந்தவை அல்ல, கூகுளின் சொந்த மென்பொருள்கள் போல வேஷம் போட்டும் வந்தது. ஆனாலும் கதவு ஒரே மாதிரிதான்.

இதெல்லாம் எங்கோ ஒன்றிரண்டு நடப்பது, பெரிதாக்குகிறீர்களா?

பெரிய அளவில் நடந்த மூன்றைச் சொல்கிறேன், அளவை நீங்களே பாருங்கள்.

தென்கொரியாவில் 2025 டிசம்பரில் காவல்துறை ஒரு லித்துவேனியக்காரரை ஜார்ஜியா நாட்டிலிருந்து வரவழைத்துக் கைது செய்தது. கேஎம்எஸ்ஆட்டோ என்ற பெயரில் அவர் 2020 முதல் 2023 வரை பரப்பிய ஃபைல் உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் முறை இறக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அந்த நிரல் செய்தது ஒரே ஒரு வேலை. நீங்கள் கிரிப்டோ அனுப்ப ஒரு வாலட் முகவரியை காப்பி செய்தால், பேஸ்ட் செய்யும்போது அந்த இடத்தில் திருடனின் முகவரி வந்து விழும். நீளமான எழுத்துக் குவியல், யார் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கிறார்கள்? சுமார் 170 கோடி வோன் போயிருக்கிறது.

உக்ரைனில் விஷயம் இன்னும் மோசம். அங்கே அரசு அலுவலகங்களில்கூட உரிமம் இல்லாத விண்டோஸ் நிறைய. ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புபடுத்தப்படும் சாண்ட்வார்ம் குழு 2023 இறுதியிலிருந்து போலி கேஎம்எஸ் ஆக்டிவேட்டர்களை அங்கே பரப்பியதாக எக்லெக்டிக்ஐக்யூ என்ற நிறுவனம் 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. திரையில் ஆக்டிவேஷன் நடப்பதுபோல ஒரு சன்னல் ஓடும், பின்னால் டிஃபெண்டர் அணைக்கப்பட்டு, தட்டுகிற எழுத்துகளையும் திரைப் படங்களையும் அனுப்பும் டார்க்கிரிஸ்டல் என்ற உளவு நிரல் இறங்கும். ஒரு நாட்டின் உளவுத்துறை, எதிரி நாட்டுக்காரன் எந்தக் கதவைத் தானாகத் திறந்துவிடுவான் என்று யோசித்துக் கண்டுபிடித்த கதவு இதுதான்.

மூன்றாவது, ஆக்டிவேட்டர் தனியாக இல்லாமல், விண்டோஸை நிறுவப் பயன்படும் ஐஎஸ்ஓ ஃபைலிலேயே எல்லாம் சேர்த்துத் தருவது. டாரண்டில் கிடைத்த சில விண்டோஸ் 10 ஐஎஸ்ஓக்களை 2023 ஜூனில் டாக்டர் வெப் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் ஆராய்ந்தபோது, மேலே சொன்ன அதே முகவரி மாற்றும் வேலை அதில் இருந்தது. அந்த நிரல் தன்னில் ஒரு பகுதியை, கணினி துவங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒளித்திருந்தது. அந்தப் பார்ட்டிஷனுக்குள் ஆன்டிவைரஸ்கள் வழக்கமாகத் தேடுவதில்லை. கடைகளில் "ப்ரீ ஆக்டிவேட்டட்" என்று பென்டிரைவில் சுற்றும் ஐஎஸ்ஓ எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அவருக்கு இன்னொருவர் கொடுத்திருப்பார்.

என் கணினியில் திருட என்ன இருக்கிறது? பேங்குக்கு ஓடிபி வேறு இருக்கிறதே?

உங்கள் மெயில் இருக்கிறது. மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் லிங்க் வந்து சேரும் இடம் அது. ஆதார், பான் ஸ்கேன் இருக்கிறது. வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கிறது.

ஓடிபி பற்றி ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்துவிட்டால் தினமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா? "இவர் ஏற்கெனவே வந்தவர்தான்" என்று காட்டும் ஒரு சீட்டு பிரவுசரில் இருக்கிறது. அதுதான் செஷன் குக்கீ. ஸ்டீலர் அந்தச் சீட்டையே நகலெடுத்துப் போய்விடும். அதை வேறு பிரவுசரில் வைத்தால் பல தளங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே. யூடியூப் சேனல்கள் ஒரே இரவில் கைமாறிப்போவது பல சமயம் இப்படித்தான். பேங்க் தளங்கள் சீக்கிரமே வெளியேற்றிவிடும் என்பதால் அங்கே இது அவ்வளவு எளிதில்லை. மெயிலில் அப்படியில்லை, வாரக்கணக்கில் செல்லும்.

ஃபைல் எல்லாம் பெயர் மாறிப்போய்த் திறக்கவே மாட்டேன் என்கிறது. இதுவும் அதனால்தானா?

இருக்கலாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். அதில் ஸ்டாப், டிஜேவியூ என்று சொல்லப்படும் குடும்பம் பெரும்பாலும் கிராக், போலிக் கீ உருவாக்கும் கீஜென், ஆக்டிவேட்டர் வழியாகவே வீட்டுக் கணினிகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் வந்தது. அது ஓடும்போது "விண்டோஸ் அப்டேட் நடக்கிறது" என்று ஒரு போலிச் சன்னலைக் காட்டும், அதனால் யாரும் கணினியை அணைப்பதில்லை. ஃபைல் பெயர்களின் பின்னால் நாலைந்து எழுத்து ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கும். பல காலம் அதில் கேட்ட தொகை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490.

கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு அக்கா தன் சிபியுவை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரம். டேலி டேட்டா, எக்ஸெல், கிளையண்டுகளின் பில் ஸ்கேன், எல்லாவற்றின் பின்னாலும் அதே நான்கு எழுத்து. முந்தின நாள் சாயங்காலம் வாட்டர்மார்க் திரும்ப வந்துவிட்டது என்று தெரிந்த பையன் ஒருவன் ஆக்டிவேட்டர் ஓட்டிக் கொடுத்திருக்கிறான். ராத்திரி அப்டேட் ஓடுகிறது என்று ஆன் செய்தபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். பேக்கப் இருந்தது, ஆனால் அதே கணினியின் டி டிரைவில். அதுவும் போயிருந்தது. "தம்பி, இது திரும்ப வருமா?" என்று அவர் கேட்டபோது அவர் கையில் ரிட்டர்ன் கடைசி தேதிகளை வட்டம் போட்ட ஒரு சின்ன டைரி இருந்தது, அதை இன்னும் மறக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு பென்டிரைவில் எடுத்த பேக்கப் மட்டும் கிடைத்தது. மீதியை அவரும் அவர் மகளும் பில் பில்லாகத் திரும்ப அடித்தார்கள்.

திரும்ப வருமா என்பதற்குப் பதில்: சில சமயம். எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது, ஆனால் அதற்கு அப்புறம் வந்த புதிய வகைகளில் உங்கள் கணினிக்கென்றே தனிச் சாவி உருவாகியிருந்தால் அது உதவாது. எது என்று தெரியாவிட்டால் நோ மோர் ரான்சம் தளத்தில் ஒரு ஃபைலை ஏற்றிப் பாருங்கள், 2016 முதல் யூரோபோல் உள்ளிட்டவர்கள் சேர்ந்து நடத்துவது, காசு கிடையாது. பணம் மட்டும் கட்டாதீர்கள். ஃபைல்களை அழிக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள், பிற்காலத்தில் சாவி வெளிவரும் வாய்ப்பு உண்டு.

லேப்டாப்பை விண்டோஸோடுதான் வாங்கினேன். கடையில் ஃபார்மேட் செய்து கொடுத்தபிறகு ஆக்டிவேட்டர் போட்டதாகச் சொல்கிறார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நின்று பதில் சொல்வேன், ஏனென்றால் என்னிடம் வரும் லேப்டாப்களில் நிறைய இந்தக் கதைதான்.

2012ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் கீ அடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் இல்லை. மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, பயாஸ் என்று நாம் சொல்கிறோமே, அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதே எடிஷனைத் திரும்ப நிறுவினால் நிறுவும்போதே அது கீயைப் படித்துக்கொள்ளும், இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நீங்கள் எதுவும் அடிக்க வேண்டாம். ஆனால் உங்கள் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் ஹோம் எடிஷனின் கீ. கடையில் அவசரத்தில் பென்டிரைவில் இருக்கும் ப்ரோ எடிஷனைப் போட்டுவிடுவார்கள். ப்ரோவுக்கு அந்தக் கீ பொருந்தாது, வாட்டர்மார்க் வரும், உடனே ஆக்டிவேட்டரை ஓட்டுவார்கள். நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய உரிமம் மதர்போர்டில் தூங்கிக்கொண்டிருக்க, அதன்மேல் ஒரு கிராக். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த முறை ஃபார்மேட் செய்யக் கொடுக்கும்போது "ஹோம்தான் போடணும், ஆக்டிவேட்டர் வேண்டாம்" என்று ஒரே வரி சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைக்கிறது, 8 ஜிபி பென்டிரைவ் போதும், நீங்களேகூடச் செய்யலாம்.

என் கணினியில் ஆக்டிவேட்டர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டி டி, எல், ஐ என்று அடித்து என்டர் கொடுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டிஸ்கிரிப்ஷன் என்ற வரியின் கடைசியைப் பாருங்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் ஓஇஎம் டிஎம் சேனல் என்று இருக்கும், தனியாக வாங்கியதென்றால் ரீடெய்ல். "வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட்" என்று இருந்து, அது உங்கள் சொந்த வீட்டுக் கணினி என்றால், யாரோ ஆக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணினியில் அப்படி இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். கடைசி மூன்று எழுத்துக்குப் பதில் எக்ஸ், பி, ஆர் என்று அடித்தால் அனுமதி எந்தத் தேதி வரை என்று காட்டும்.

அப்படியே விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போய் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் பாருங்கள். சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்க வேண்டும். அதில் ஏதாவது இருந்தால் அழியுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், கீழே ஏற்கெனவே ஓட்டியவர்களுக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஓபன் சோர்ஸாக இருக்கும் ஆக்டிவேஷன் ஸ்கிரிப்ட் பாதுகாப்பானதுதானே? அதன் கோட் முழுவதையும் யாரும் பார்க்கலாமே?

பார்க்கலாம். முகம் தெரியாத எக்ஸ்இ ஃபைலைவிட அது நிச்சயம் மேல், இதில் நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கட்டளைகளை அடித்து ஓட்டும் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, ஒரு வரியை அடித்து, இணையத்திலிருந்து வருவதை அப்படியே ஓடவிடுகிறார்கள். அந்த நொடியில் அந்த முகவரியில் என்ன இருக்கிறதோ அதுதான் ஓடும். 2025 டிசம்பரில் இப்படி ஒரு பிரபலமான ஸ்கிரிப்டின் முகவரியில் ஒரே ஒரு எழுத்தைக் குறைத்து யாரோ ஒரு தளத்தைப் பதிவு செய்து வைத்தார்கள். கையால் அடிக்கும்போது அந்த எழுத்தைத் தவறவிட்டவர்களின் கணினியில் வைரஸ் இறங்கியது. ஸ்கிரிப்டில் தப்பில்லை, ஆனால் அனுமதி கொடுத்தது அட்மின் அனுமதி. அப்புறம், கோட் சுத்தமாக இருந்தாலும் உரிமம் வந்துவிடாது. சட்டக் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கீ விற்கிறார்களே?

அதில் வைரஸ் ஆபத்து குறைவு, ஏனென்றால் நீங்கள் எந்த நிரலையும் ஓட்டுவதில்லை. ஆனால் அவற்றில் நிறைய, நிறுவனங்களுக்குக் கொடுத்த வால்யூம் கீயாகவோ மென்பொருள் உருவாக்குபவர்களுக்குச் சோதனைக்காகக் கொடுத்ததாகவோ இருக்கும். ஒரே கீ பலருக்கு விற்கப்பட்டிருக்கும். இன்றைக்கு வேலை செய்யும், மைக்ரோசாஃப்ட் முடக்கினால் போச்சு. பில் தராத இடத்தில் வாங்காதீர்கள்.

சட்டப்படி மாட்டிக்கொள்வோமா?

வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ அல்ல என்றால் நீதிமன்றம் சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விடலாம். பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கென்றே 65ஏ என்ற பிரிவு 2012ல் சேர்க்கப்பட்டது.

ஆகவே டிடிபி சென்டர், பில்லிங் கவுண்டர், பயிற்சி மையம் வைத்திருப்பவர்கள் இதை வீட்டுக்காரர்கள்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. வாடிக்கையாளரின் ஆதார் ஸ்கேனும் உங்கள் கணினியில்தான் கிடக்கிறது, அது வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

காசு இல்லை. கீயும் இல்லை. ஆக்டிவேட் செய்யாமலே விட்டால் கணினி நின்றுவிடுமா?

நிற்காது. இதைத் தெரியாமல்தான் பாதிப் பேர் ஆக்டிவேட்டரைத் தேடி ஓடுகிறார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வலது கீழ் மூலையில் மங்கலான எழுத்து வரும், வால்பேப்பரும் நிறமும் செட்டிங்ஸ் வழியாக மாற்ற முடியாது, அவ்வப்போது நினைவூட்டும். விண்டோஸ் 11க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் வரும், இரண்டிலும் டிஃபெண்டர் வேலை செய்யும், டேலி, பிரவுசர், பிரிண்டர் எல்லாம் ஓடும். உரிம விதிப்படி இது நிரந்தரத் தீர்வு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மங்கலான எழுத்தை மறைப்பதற்காக முகம் தெரியாதவருக்கு அட்மின் அனுமதி கொடுப்பதைவிட, காசு சேரும்வரை அந்த எழுத்தோடு இருப்பது எவ்வளவோ மேல்.

அதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போடுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு, பிரவுசர், லிப்ரே ஆபீஸ், ஜூம் என்று இருப்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும், பழைய 4 ஜிபி ராம் லேப்டாப்பிலும் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. நம் நாட்டில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் நிறுவலாம். பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், வானவில் எழுத்துரு என்று பழகிய டிடிபிக்காரர்களுக்கும் டேலி வைத்திருப்பவர்களுக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன், அவர்கள் வேலை நின்றுவிடும். அவர்கள் உரிமம் வாங்குவதுதான் சரி, வியாபாரச் செலவு அது.

விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிந்துவிட்டதே, இனி ஆக்டிவேட்டர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

2025 அக்டோபர் 14ஓடு இலவச அப்டேட் முடிந்தது உண்மை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அப்டேட் நின்ற கணினி ஏற்கெனவே பலவீனமானது, அதன்மேல் ஆக்டிவேட்டர் வேறு என்றால் காவலும் இல்லை, கதவும் இல்லை. பல ஆக்டிவேட்டர்களும் மாற்றப்பட்ட ஐஎஸ்ஓக்களும் அப்டேட்டையே அணைத்துவிடுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அது புகுந்த ஓட்டைக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் விழுந்தன.

சரி, ஏற்கெனவே ஓட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், வைஃபையை அணைத்தால் போதும். அந்தக் கணினியிலிருந்து பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வேறு கணினியிலோ போனிலோ மெயில் கணக்கைத் திறந்து, முதல் வேலையாக எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்துங்கள். குக்கீ திருடு போயிருந்தால் அது அப்போதுதான் செல்லாமல் போகும். பிறகு பாஸ்வேர்டை மாற்றி இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போடுங்கள். மீட்பு மெயில், மீட்பு போன் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள், திருடர்கள் தங்களுடையதைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்புறம் பேங்க், வாட்ஸ்அப் வெப், மற்றவை. பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தத் தொகையை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

கணினியைப் பொறுத்தவரை, ஆக்டிவேட்டரை அன்இன்ஸ்டால் செய்வதை நான் நம்புவதில்லை. படம், டாக்குமெண்ட், டேலி டேட்டா போன்றவற்றை மட்டும் வெளி டிரைவில் எடுத்துக்கொண்டு, சுத்தமான வேறு கணினியில் உருவாக்கிய விண்டோஸ் பென்டிரைவால் முழுதாகத் திரும்ப நிறுவுங்கள். நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிட வேண்டும், சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் அப்படியே இருக்கும்.

டி டிரைவில் இருக்கும் பழைய செட்டப் ஃபைல்களை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். திரும்ப நிறுவிய மறுநாளே அந்த ஃபோல்டரைத் திறந்து அதே ஆக்டிவேட்டரை ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். படங்களையும் டாக்குமெண்டுகளையும் எடுத்து வையுங்கள், எக்ஸ்இ, ஜிப், ஐஎஸ்ஓ என்று எது கிடந்தாலும் அழித்துவிடுங்கள். தேவையான மென்பொருளை அதை உருவாக்கியவர் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம். எடுத்த பேக்கப்பை நகலெடுத்து முடித்ததும் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள்.